செட்டிநாட்டு முகப்பு: வெயிலை வாசலிலேயே நிறுத்துவது

காரைக்குடியில் இன்று வீடு கட்டுகிறவர்களின் எஸ்டிமேட்டில் 'எலிவேஷன்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு எல்லாம் முடிந்த பிறகு வருகிற வேலை அது. வீட்டுக்காரர் செல்போனில் நாலு படம் காட்டுவார். என்ஜினியர் கம்ப்யூட்டரில் வீட்டின் முன்பக்கத்தை வரைந்து தருவார். அப்புறம் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து ஏசிபி என்கிற அலுமினிய ஷீட்டோ, மர நிறப் பலகையோ, கல் மாதிரித் தெரிகிற டைல்ஸோ ஏற்றுவார்கள். கையில் காசு குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் இந்த வரிதான். எலிவேஷன் இல்லாமலும் குடியேறலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கானாடுகாத்தானிலோ கோத்தமங்கலத்திலோ இருக்கும் பழைய வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே முகப்பைக் கழற்றினால் திண்ணை போகும், தூண் வரிசை போகும், சாரலைத் தடுக்கிற ஓட்டுச் சரிவு போகும், வந்தவர் உட்கார இடமும் போகும். நேர்கோட்டில் இருக்கும் வாசல்கள் வழியாக வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, போகிற காற்றும் சூடாகிவிடும். பத்தடி, பன்னிரண்டடி ஆழமுள்ள இடம் அந்த முகப்பு. இன்றைய எலிவேஷன், சட்டத்தையும் சேர்த்தால் மூன்று அங்குலம்.

கட்டட முகப்பில் புதுமை, சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு என்று இப்போது உலகமெங்கும் நடக்கிற பேச்சில் பெரும்பகுதி இந்த ஆழத்தைப் பற்றியதுதான் என்பது என் கருத்து. வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தொட்ட பிறகு செய்வதெல்லாம் சமாளிப்பு. கண்ணாடியா, அலுமினியமா, செங்கலா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஷீட் விற்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. இந்த இடத்தில் தெற்குச் சுவரைக் காப்பாற்றுவது பெரிய வேலை இல்லை. சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும் டிசம்பரில்கூட உச்சிவேளையில் அது தொடுவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்கும். ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருந்தால் அப்போது 3 அடி நிழல் விழும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதே சன்ஷேடின் நிழல் ஜன்னல் முழுவதையும் மூடிவிடும். மே, ஜூனில் சூரியன் சற்று வடக்கே நகர்ந்துவிடும். நடுப்பகலில் அது தலைக்கு மேல்தான் இருக்கும் என்பதால் வடக்குச் சுவருக்கும் சன்ஷேடே போதும்.

மேற்குப் பக்கம் கதையே வேறு. ஏப்ரல் நடுவில் மாலை 4.30 மணிக்குச் சூரியன் 27 பாகை அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் அதே 2 அடி சன்ஷேடு தருகிற நிழல் சுமார் 1 அடி. நாலரை அடி உயர ஜன்னலில் மூன்றரை அடி வெயிலில் காயும். கிழக்கிலும் காலையில் இதே கோணம்தான். ஆனால் காலையில் காற்று குளிர்ந்திருக்கும், சுவரும் இரவெல்லாம் ஆறியிருக்கும். மேற்குச் சுவர் பகல் முழுவதும் சுற்றுக் காற்றின் சூட்டை வாங்கிவிட்டு, கடைசியில் நேர் வெயிலையும் வாங்குகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து அந்தச் சூடு உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணி வெயில் இரவு பத்து, பதினோரு மணிக்குப் படுக்கையறைக்குள் வருகிறது. மேற்குப் பார்த்த அறையில் படுத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்; இரவில் சுவரில் முதுகைச் சாய்த்தாலே தெரியும்.

இப்போது பழைய செட்டிநாட்டு வீடு படுத்திருக்கிற திசையைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோடு. நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்து நிற்கும். அவற்றைப் பக்கத்து வீடோ, குறுகலான சந்தோ பார்த்துக்கொள்ளும். வெயில் நேரே வந்து மோதுகிற கிழக்கிலும் மேற்கிலும் வீட்டின் குறுகலான பக்கங்கள்தான் இருக்கின்றன. அந்த இரண்டு முனைகளில் ஒன்றில்தான் முகப்பு நிற்கிறது.

அது நிற்கிற விதத்தைப் படிப்படியாகப் பார்த்தால் வேலை புரியும். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்திய பீடம். அதன் மேல் இருபுறமும் திண்ணை. திண்ணை விளிம்பில் தூண்கள். கல்லோ, பர்மாத் தேக்கோ. தூண்களின் மேல் வெளிப்பக்கமாகத் தாழ்ந்து வரும் ஓட்டுச் சரிவோ, மாடித் தளமோ. அதற்கெல்லாம் உள்ளே தள்ளித்தான் உண்மையான சுவர். 10 அடி ஆழமுள்ள இப்படியொரு தாழ்வாரம், மாலை 4.30 மணிக்குச் சுவரில் 5 அடிக்கு நிழல் தரும். மிச்ச வெயில் திண்ணையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் விழுந்து முடிந்துவிடும். ஜன்னல் மட்டத்துக்கு அது ஏறும்போது சூரியன் பலம் இழந்திருக்கும். சுவரும் ஒன்றரை, இரண்டு அடி கனம் என்பதால், வாங்கிய கொஞ்சச் சூட்டை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் விடிந்துவிடும்.

இதை வைத்து 'நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்' என்று ஒரு பாட்டுப் பாடுவது எளிது. நான் பாட மாட்டேன். செட்டிநாட்டு முகப்பு ஒரே காலத்தில் உருவானது இல்லை; அதில் அறிவோடு ஆடம்பரமும் சம அளவில் கலந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய வீடுகள் அடக்கமானவை, ஓடு வேய்ந்த ஒற்றை மாடிகள். பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கொடுக்கல் வாங்கல் பெருகிய பிறகுதான் முகப்பு மேலே ஏறத் தொடங்கியது. கைப்பிடிச் சுவர்களில் சுதைச் சிற்பங்கள் வந்தன: நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இத்தாலிப் பளிங்கும், பெல்ஜியம் கண்ணாடியும், ஜப்பானிய டைல்ஸும், இங்கிலாந்து இரும்பும் கப்பலேறி வந்தன. பல வீடுகளில் முன்பக்கம் மட்டும் இரண்டு மாடி நிமிர்ந்து நிற்கும். பின்னால் போனால் ஓட்டுக்கூரை ஒற்றை மாடிதான். தெருவில் போகிறவர் பார்ப்பதற்காகக் கட்டிய உயரம் அது. இன்றைய எலிவேஷனுக்கு அதுவும் ஒரு பாட்டன்தான்.

அது மட்டும் இல்லை. இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார் புதுப் பொருளைக் கண்டால் தயங்கியவர்களும் இல்லை. இரும்பு உத்திரம் கிடைத்ததும் போட்டார்கள். சிமெண்ட் வந்ததும் அச்சில் வார்த்த கைப்பிடித் தூண்களை வரிசையாக வைத்தார்கள். 1930களில் ஆர்ட் டெகோ பாணி வந்தபோது வளைந்த மூலைகளும் கிடைக்கோடுகளும் கான்கிரீட்டில் முளைத்தன. கானாடுகாத்தானில் இப்போது தங்கும் விடுதியாக நடக்கிற ஒரு வீடு அந்தக் காலத்தது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. அப்புறம் அங்கே நிலம் அரசுடைமை ஆனது. பணம் வந்த வழி அடைபட்டதும் கட்டுவதும் ஏறக்குறைய நின்றுபோனது. இன்னும் இருபது ஆண்டு அந்தப் பணம் வந்திருந்தால் செட்டிநாட்டில் கண்ணாடிச் சுவர் வீடுகளும் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று. ஆடம்பரம் எவ்வளவு ஏறினாலும் தூண் வரிசைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்தப் பத்தடியை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சிப்பாய் பொம்மை கைப்பிடிச் சுவரில் நின்றது. நிழல் கீழே அப்படியே இருந்தது. இன்று வெட்டுப்பட்டது அந்தப் பத்தடிதான். மனை முப்பதுக்கு நாற்பது. அதில் கார் நிற்க வேண்டும், வாடகைக்கு மாடிப் போர்ஷன் வேண்டும். திண்ணைக்கு இடம் கேட்டால் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புதான். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: பத்தடி செய்த வேலையை ஓர் அடியில், ஒன்றரை அடியில் செய்ய முடியுமா?

இன்று அதிகம் விற்பது ஏசிபி. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவில் பிளாஸ்டிக். மொத்தம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். மேஸ்திரியிடம் கேட்டால், "ஷீட்டைப் போட்டா பெயின்ட் அடிக்கிற வேலை இல்லைண்ணே" என்பார். உண்மைதான். இதன் மேல் ஒரு குற்றச்சாட்டு, அலுமினியம் உருக்க மின்சாரம் ஏகமாகச் செலவாகிறது என்பது. அதுவும் உண்மை, சுரங்கத் தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 13 முதல் 15 யூனிட் ஆகும். 500 சதுர அடி முகப்பைச் சாதாரண 3 மில்லிமீட்டர் ஷீட்டால் மூடினால் அதில் சுமார் 60 கிலோ அலுமினியம் இருக்கும். 800 யூனிட்டுக்கு மேல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒன்றரை டன் ஏசி ஒன்று ஒரு கோடை முழுக்க இரவில் ஓடினால் அதே அளவுக்கு இழுத்துவிடும். முகப்பு இருபது முப்பது கோடைகள் நிற்கப்போகிறது. எனவே அந்த ஷீட் எதனால் ஆனது என்பதைவிட, அது ஏசி ஓடும் நேரத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

விந்தை என்னவென்றால், அதே ஷீட்டால் குறைக்கவும் முடியும். சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் பொருத்தி, அடியிலும் மேலேயும் காற்றுப் போக வழி விட்டால், வெயில் ஷீட்டைச் சுடும். இடையிலுள்ள காற்று சூடாகி மேலே ஏறி வெளியேறும். சுவர் நிழலிலேயே இருக்கும். மேல்நாடுகளில் இரட்டைத் தோல் முகப்பு, காற்றோட்ட முகப்பு என்று சொல்வதன் சாரம் இதுதான். நம் ஊரில் சட்டம் அடிக்கிறார்கள், இடைவெளியும் தானாகவே வந்துவிடுகிறது. அப்புறம் பூச்சி, தூசி போகக் கூடாது என்று நாலு பக்கமும் சிலிகோன் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைபட்ட சூட்டுக்குச் சுவரைத் தவிரப் போக்கிடம் இல்லை. வலை வைத்த துவாரம் விட்டால் பூச்சியும் வராது, காற்றும் போகும். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை.

தீ ஒரு தனிக் கவலை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். சமையலறையில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த பாலிஎத்திலின் நடுவுள்ள இதே வகை ஷீட் வழியாக மாடி மாடியாக ஏறியது. காற்றோட்ட இடைவெளி அங்கே புகைபோக்கி வேலையும் பார்த்தது. இரண்டு மாடி வீட்டில் ஆபத்து அவ்வளவு இல்லை, இறங்கி ஓடிவிடலாம். ஆனால் ஜன்னலே தெரியாமல் மூன்று நான்கு மாடிக்கு முகப்பை மூடிவிட்ட ஜவுளிக் கடைகள், லாட்ஜுகள், ஆஸ்பத்திரிகள் நம் ஊர்களில் எத்தனை என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. தீ எளிதில் பற்றாத, தாது நிரப்பிய நடுப்பகுதி கொண்ட ஷீட் கடையில் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன் மேல் விழும் வெயில் சூட்டில் பத்தில் எட்டு பங்கை உள்ளே விடும். நல்ல பூச்சுள்ள கண்ணாடி மூன்று பங்கு அல்லது அதற்கும் குறைவாக விடும். மீதியை அது தெருவுக்குத் திருப்பி அனுப்புகிறது. 2013-ல் லண்டனில் உட்பக்கம் குழிந்த முகப்புள்ள ஒரு கண்ணாடிக் கட்டடம் வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. பிறகு அதற்கு வெளியே பட்டைகள் வைத்து நிழல் தர வேண்டியதாயிற்று. லண்டன் வெயிலுக்கே அந்த நிலை.

உலகில் பெயரெடுத்த புதுமை முகப்புகளில் ஒரு வகை, தானே அசைவது. 1987-ல் பாரிஸில் திறந்த அரபு உலக நிறுவனக் கட்டடத்தில் கேமரா கண் போல விரிந்து சுருங்கும் உலோகத் துளைகளை ஒரு சுவர் முழுக்க வைத்தார்கள். பார்க்க அற்புதம்; ஆனால் அந்த எந்திரங்கள் அடிக்கடி பழுதாயின. 2012-ல் முடிந்த அபுதாபி அல் பஹர் கோபுரங்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மடக்குத் திரைகள் சூரியனைப் பார்த்து விரிந்து மூடும். உள்ளே வரும் வெயில் சூட்டைப் பாதியாகக் குறைப்பது வடிவமைத்தவர்களின் இலக்கு. நல்ல வேலைதான். ஆனால் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாலை மூன்று மணிக்கு டீக்கடைக்காரர் கயிற்றை அவிழ்த்து மூங்கில் தட்டியை இறக்கிவிட்டு, ஐந்தரைக்கு மறுபடி சுருட்டிக் கட்டுகிறாரே, அதுவும் அதே வேலை. பழுதானால் சரிசெய்ய எந்தக் கம்பெனி ஆளும் வர வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டடம் பாண்டிச்சேரியில் இருக்கிறது, அதைப் பார்க்காத கட்டடக்கலை மாணவர் இருக்கக் கூடாது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. செக் நாட்டில் பிறந்த அமெரிக்கர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களின் பின்பாதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. கானாடுகாத்தானில் ஆர்ட் டெகோ மூலைகளைச் சிமெண்டில் வளைத்துக்கொண்டிருந்த அதே காலம். கோல்கொண்டாவில் வடக்கும் தெற்கும் சுவரே கிடையாது. மாடிக்கு மாடி முழு அகலத்துக்கும் கையால் திருப்பக்கூடிய சிமெண்ட் நார்ப் பட்டைகள்தான். வடக்கே நடைவழி, தெற்கே அறைகள், இடையில் காற்றுப் புகும்படி இடைவெளி விட்ட தேக்குச் சட்ட இழுகதவுகள். எண்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த முகப்பு வேலை செய்கிறது. இப்போது அதே பொருளைப் போட முடியாது, ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. ஆனால் அதே ஏற்பாட்டை மரத்திலோ, யூபிவிசி பிளாஸ்டிக்கிலோ, சுட்ட மண்ணிலோ செய்யத் தடை இல்லை.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குக் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்கள், அதாவது ஓட்டை விட்டுக் கட்டிய சுவர்கள், இன்னொரு வழி. செங்கலை ஒன்று விட்டு ஒன்று அடுக்கினால் போதும். ஜன்னல் செலவே மிச்சம். ஜெய்ப்பூரில் 2008-ல் வந்த பெர்ல் அகாடமி என்ற ஃபேஷன் கல்லூரி அதே ஜாலியைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி வெளியே நிறுத்தியது. நாலடி, கவனியுங்கள். செட்டிநாட்டுப் பத்தடியின் வேலையை அங்கே நாலடி செய்கிறது, ஏனென்றால் விளிம்பில் வெறும் தூணுக்குப் பதில் ஓட்டைகள் நிறைந்த திரை இருக்கிறது. தாழ்ந்த வெயிலைத் தடுக்கச் செங்குத்தான ஒரு திரை ஓர் அடி தள்ளி நின்றாலே பெரிய வித்தியாசம் தெரியும். இப்போது சுட்டமண் ஜாலிகள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. தூசி சேரும், குளவி கூடு கட்டும், உட்பக்கம் கொசுவலை வைத்தாக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செட்டிநாட்டிலேயே விளைந்த பொருள்கள் இரண்டு முகப்பில் மறுபடி தலைகாட்டுகின்றன. ஒன்று ஆத்தங்குடிக் கல், கையால் வார்க்கும் பூப்போட்ட தரை டைல்ஸ். இதைச் சூளையில் சுடுவதில்லை, அதுதான் அதன் பெரிய பலம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோகப் பூ அச்சை இறக்கி, சிமெண்டில் கரைத்த வண்ணங்களைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் பரப்பி அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போடுவார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானே விட்டுவிடும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். தரையில் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறுவது இதன் குணம். இதை இப்போது மேற்குப் பார்த்த வெளிச்சுவரிலும் காம்பவுண்டிலும் ஒட்டுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சுவரில் யாரும் நடப்பதில்லை, துடைப்பதும் இல்லை. மழை நீரை உறிஞ்சி உப்புப் பூக்கும், மினுமினுப்பு மங்கும். திண்ணையின் நெற்றி, வாசற்படியின் பக்கம், நிழலுக்குள் இருக்கும் முகப்புச் சுவர் இவையே அதற்கு ஏற்ற இடம்.

மற்றொன்று சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று செட்டிநாட்டுப் பூச்சின் சேர்மானம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல அடுக்காகப் பூசி, மேலடுக்கை வெண்ணெய் போல அரைத்துத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கு அது. அதன் அழகைப் பேசுகிற அளவுக்கு அதன் வேலையை யாரும் பேசுவதில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாக வெளியே விடும். பழைய வீட்டுச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகவே உலர்ந்து போகும். அந்தச் சுவரில் பெயர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்டால், ஈரம் அங்கே நின்று, பக்கவாட்டிலும் மேலேயும் வழி தேடும். முதல் மழைக்காலத்தில் ஒட்டுக்குச் சுற்றிலும் வெள்ளையாக உப்பு தெரியும். அடுத்ததில் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். அதற்கடுத்து ஒட்டு பாளமாக விழும்போது, பின்னாலிருந்த செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அப்போது வீட்டுக்காரர், "பழைய சுவர், இனி தாங்காது" என்பார். சுவர் தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

இனி சட்டப் பக்கம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் குடியிருப்புகளுக்காக இகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவர், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் சூடு சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மிகக் கூடாது. நம்மைப் போல் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது விதியைப் பழைய வீடுகள் வளவைக்கொண்டு எளிதாகத் தாண்டியிருக்கும். புது வீடுகளில் இழுவைக் கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதே தொகுப்பு கூரைக்கும் தனி வரம்பு வைக்கிறது. அது சரியான வரிசை. ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு மொட்டைமாடிதான் முதல் எதிரி. இந்த இடத்தில் எந்தச் சுவரைவிடவும் அதன் மேல்தான் வெயில் அதிகம் விழுகிறது. மாடிக்கு வெள்ளை அடித்து, தட்டோடு பதித்து, அப்புறம் முகப்புக்கு வாருங்கள்.

முகப்புக்கு வந்தால், மனை மேற்குப் பார்த்தது என்றால், செய்ய வேண்டியதில் பாதி வரைபடத்திலேயே முடிந்துவிடும். மாடிப்படி, கார் நிற்கும் இடம், பொருள் வைக்கும் அறை, குளியலறை இவற்றை மேற்கே தள்ளினால் அவையே ஆழம் ஆகிவிடும். படுக்கையறைச் சுவர் வெயிலைப் பார்க்காது. மாடியில் மூன்றடிப் பால்கனி வைத்து, அதன் விளிம்பில் ஜாலியோ, தட்டியோ, கம்பியில் ஏறிய கொடியோ இருந்தால் போதும். வாசலில் ஒரு புங்கை நின்றால் தரைத்தளத்துக்கு வேறு எதுவும் வேண்டாம், இலை குப்பை என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்வரை.

பழைய வீடுகளின் நிலை வேறு. புதிதாக எந்தப் பசுமைக் கட்டடமும் கட்டுவதைவிட, இருக்கிற வீட்டை இடிக்காமல் வைத்திருப்பதுதான் பொருளையும் எரிசக்தியையும் மிச்சம் பிடிக்கும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. சில பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவுமாக காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, சென்னை, பெங்களூர் ஹோட்டல்களுக்குப் போகின்றன. மரம் வீணாகாமல் போவது நல்லதுதான். ஆனால் அங்கே அந்தத் தூண்கள் பல நேரம் எதையும் தாங்குவதில்லை, எதற்கும் நிழல் தருவதும் இல்லை.

மிச்சமிருக்கும் வீடுகளின் முகப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பணப் பற்றாக்குறை இல்லை, பங்குதான். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி என்று ஏதாவது வந்தால்தான் எல்லோரும் கூடுவார்கள், அப்போதுதான் வீட்டுக்கு வெள்ளை. முன்பெல்லாம் அது சுண்ணாம்பு. இரண்டு மழையில் கரையும், அடுத்த விசேஷத்துக்கு மறுபடி அடிப்பார்கள், சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இப்போது, "அடிக்கடி வர முடியாது, பத்து வருஷ வாரண்டி உள்ள பெயின்டா அடிச்சிடுவோம்" என்று வாட்ஸப் குழுவில் முடிவாகிறது. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் படலம் சுண்ணாம்புச் சுவரில் ஏறுகிறது. மூன்றாம் ஆண்டே குமிழ் விடுகிறது. சுண்ணாம்பு அடிப்படையிலும் சிலிகேட் அடிப்படையிலும் ஆவியை வெளியே விடும் பெயின்டுகள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. பெயின்ட் கடையில் வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன்பு அதைக் கேட்க வேண்டும். கடைக்காரர் இல்லை என்று சொன்னால், அடுத்த விசேஷம் வரைக்கும் பழைய சுண்ணாம்பே போதும்.